இனம்: இதர

மாடு, எருமை, ஆடு, பன்றி, கோழி, நாய்.
சிகிச்சைப் பதிவேட்டில் கட்டங்கள் இவ்வளவுதான்.
கடைசியில் குறுகலாக ஒன்று: இதர.

"இறக்கையெல்லாம் கொட்டுது மேடம்.
மொதலாளி பெங்களூர்ல. தெரிஞ்சா என்னை உரிச்சுருவாரு."
நாகலூர் எஸ்டேட்டிலிருந்து காராளன்.
அவன் குரலுக்குப் பின்னால் தகரத்தில் மழை.

அடிவாரத்திலிருந்து
இருபது கொண்டை ஊசி வளைவையும் எண்ணிக்கொண்டே போனேன்,
வாந்தி வராமலிருக்க.

குளக்கரையில், சில்வர் ஓக் சருகின் மேல்,
முழம் நீள வெள்ளை இறகுகள்.
பெட்டை தள்ளி நின்றது.
சேவல் சீறியது.
மிச்சமிருந்த இறகை முதுகின் மேல் கூடாரமாக்கித்
தன்னை ஒன்றரை மடங்கு பெரிதாக்கிக்கொண்டு வந்தது.

கரையேறியதும் நடந்தது.
அன்னநடை என்று பாடியவர் எவரும்
அதைத் தரையில் பார்த்திருக்க மாட்டார்.
கால்கள் இரண்டும் உடம்பின் பின்கோடியில்.
துடுப்புப் போட அதுதான் தோது.
நடைக்கோ,
இரண்டு கையிலும் மாம்பழக் கூடையோடு
அரூர் பஸ்ஸை விரட்டுகிற ஆள்.

காராளன் சாக்கைப் போட்டான்.
நான் மடியில் இடுக்கினேன். பதினொரு கிலோ.
ஒரு நொடி பிடி தளர்ந்தது.
சிறகின் மணிக்கட்டில் ஓர் எலும்பு முண்டு உண்டு,
படித்திருக்கிறேன், பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன்.
அது என் முழங்கைக்குக் கீழே இறங்கியது.
கறிக்கடைக் கட்டையின் சத்தம்.

பிறகு அமைதி.
கழுத்து என் தோளில் சுருண்டது.
தடவி எண்ணினேன், அல்லது எண்ணியதாக நினைத்துக்கொண்டேன்:
கழுத்தில் மட்டும் இருபத்துமூன்று எலும்பு.
ஒட்டகச்சிவிங்கிக்கும் எனக்கும் ஏழேதான்.
ஏற்காட்டுப் பாதையைவிட மூன்று வளைவு அதிகம்.

அலகைத் திறந்தேன்.
உள்விளிம்பில் சீப்புப் பல்.
பாலும் தண்ணீரும் யாருக்கு வேண்டும்?
பாசி உள்ளே, குளம் வெளியே, அவ்வளவுதான் அதன் கணக்கு.
வால் அடியில் எண்ணெய்ச் சுரப்பி நன்றாக இருந்தது.
மழை அதன் முதுகில் உருண்டு
என் சேலையில் வந்து தங்கியது.

வலது சிறகை விரித்தேன்.
பெரிய இறகுகள் உதிர்ந்த குழிகளில்
நீலமாய், ரத்தம் ஓடும் புதுக் குருத்துகள்.
"நோய் இல்ல காராளா. சட்டை உரிக்கிற மாதிரி.
எல்லாத்தையும் ஒண்ணா உதிர்த்துட்டு ஒண்ணா முளைக்கும்.
ஒன்றரை மாசம்."

இடது சிறகை விரித்தேன்.
கடைசிக் கணு இல்லை.
குஞ்சிலேயே வெட்டியிருக்கிறார்கள், பறந்து போகாமலிருக்க.
நல்ல கை. தழும்புகூடச் சுத்தம்.
வெட்டின இடம் வரைக்கும் அங்கேயும் குருத்து.

காராளன் என் முகத்தைப் பார்த்தான்.
"தண்ணிய மாத்து, கீரை போடு" என்றேன்.

இறங்கும் பஸ்ஸில் கை கன்றி, கத்தரிக்காய் நிறம்.
கண்டக்டர் சில்லறை தருகையில் பார்த்துவிட்டார்.
"என்னம்மா இது?"
"அன்னம் அடிச்சிருச்சு."
"யாரு, நாத்தனாரா?"
பின்சீட்டு அம்மாள் "போலீஸ்ல எழுதிக் குடு கண்ணு" என்றாள்.
கோரிமேடு வரும்வரை
நான் எதையும் திருத்தவில்லை.

பயணப்படி விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது.
'இதர என்றால் என்ன? விளக்கவும்.'
நீர்ப்பறவை, பெரிது, வெள்ளை, என்று எழுதினேன்.
பறக்கும் என்றோ பறக்காது என்றோ எழுதவில்லை.

கை பச்சையாகி, மஞ்சளாகி, ஆடி முடிய ஆறியது.
ஆவணியில் ஒரு காலை, போன்.

"மேடம், இறக்கை மொத்தமும் வந்துருச்சு.
நேத்து தண்ணி மேலயே ஓடுச்சு, தபதபன்னு,
பெட்டை பயந்து ஒதுங்கிருச்சு."

"எவ்ளோ தூரம்?"

"தூரமெல்லாம் இல்ல மேடம்.
இடப்பக்கமாவே சுத்துது."